தனியே அலைபவர்களின் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையிடல் முடிந்த பிறகும் குறும்படப் பட்டறைகளிலும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பல படங்களின் முடிவுகள் விரிவாகப் பேசப்படுவதால், முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் 3ஆம் கேள்வியில் சொல்லப்படும் படங்களைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

1. தனியா அலையுறவன் படம்னா ரோட் மூவிதானே? ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ரோட் மூவியில் பயணம்தான் படத்தின் உடம்பு. நண்பர்கள் போகலாம், குடும்பம் போகலாம், ஒரு பேருந்து நிறைய ஆட்கள்கூடப் போகலாம். தனியே அலைபவனின் படமோ முழுக்க ஒரே ஊரில் நடக்கலாம். ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' (1953) ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டுவதில்லை. அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) கிட்டத்தட்ட ஒரே தெருவில் முடிந்துவிடுகிறது.

இந்த வகையை அடையாளம் காண மூன்றைப் பார்க்க வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வந்தான் என்பதைப் படம் சொல்லாது, சொன்னாலும் மிகத் தாமதமாகச் சொல்லும். அவன் சேர்ந்துகொள்ளக்கூடிய ஒரு வீடோ கூட்டமோ படத்துக்குள் இருக்கும். கடைசியில் அவன் அதில் சேராமல் போவான், அல்லது சேரப் பார்த்துத் தோற்பான். இவற்றில் நடுவில் உள்ளதற்குத்தான் உயிர் இருக்கிறது. அந்த வீட்டை விட்டுவிட்டு, பாலைவனத்தையும் நீண்ட சாலையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது நிலக்காட்சிதான்.

2. இதெல்லாம் கௌபாய் படத்துல இருந்து வந்ததுதானே?

பாதி உண்மை. வெஸ்டர்ன் படங்கள் உலகம் முழுக்கப் போனதால் அந்த உருவம் நம் மனதில் குதிரையோடு பதிந்துவிட்டது. ஆனால் சாப்ளினின் நாடோடி 1914லேயே திரைக்கு வந்துவிட்டான். 1915ல் வந்த 'தி டிராம்ப்' குறும்படம், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சாலையில் தனியே நடந்து போவதில் முடிகிறது. ஜப்பானியச் சரித்திரப் படங்களிலும் எசமானை இழந்த சாமுராய், ஊர் ஊராகப் போகும் சூதாடி போன்ற பாத்திரங்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே உண்டு.

உருவம் கைமாறிய விதம் 'யோஜிம்போ' விஷயத்தில் தெளிவாகத் தெரியும். வெஸ்டர்ன் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களை மிகவும் மதித்தவர் குரோசாவா. அவர் எடுத்த 'யோஜிம்போ'வைச் செர்ஜியோ லியோனி அனுமதி வாங்காமல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) என்று எடுத்தார். விஷயம் சட்டச் சிக்கலாகி, குரோசாவா தரப்புக்கு உலக வசூலில் 15 சதவீதம் தருவதாக உடன்பாடானது. அமெரிக்காவில் கிளம்பிய உருவம் ஜப்பான் போய், ஸ்பெயினின் அல்மேரியாவில் படப்பிடிப்பு நடத்திய இத்தாலியர்கள் வழியாக மறுபடி அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்தது.

3. எந்தப் படத்துல இருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

'ஷேன்' (118 நிமிடம்) முதலில். இந்த வகையின் எலும்புக்கூடு அதில் ஒளிவுமறைவு இல்லாமல் தெரியும். அடுத்து 'யோஜிம்போ' (110 நிமிடம்), ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956, 119 நிமிடம்). இந்த மூன்றுக்கும் பிறகு விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்சாஸ்' (1984) பார்த்தால், குதிரையும் துப்பாக்கியும் போய்விட்ட பின் அந்த ஆளிடம் என்ன மிஞ்சுகிறது என்று புரியும். பிறகு அனியெஸ் வார்தாவின் 'வேகபாண்ட்' (1985), கெல்லி ரைக்கார்ட்டின் 'வெண்டி அண்ட் லூசி' (2008). கடைசிப் படம் 80 நிமிடம்தான்.

வெண்டர்ஸின் 'கிங்ஸ் ஆஃப் தி ரோட்' (1976) மிக நல்ல படம். ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கதை என்று கையில் பிடிக்க அதிகம் இல்லை. அதிலிருந்து தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதே வழக்கம். ஏழாவது எட்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. 'தி சர்ச்சர்ஸ்' கடைசிக் கதவு ஷாட்டை ஏன் இவ்வளவு பெருசா பேசுறாங்க?

படம் இருட்டில் தொடங்குகிறது. ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். வெளியே டெக்சாஸ் என்று காட்டப்படும் மான்யுமெண்ட் வேலி வெயிலில் எரிகிறது. தொலைவிலிருந்து ஈத்தன் (ஜான் வெய்ன்) குதிரையில் வருகிறான். ஒளியளவை வெளி வெயிலுக்கு வைத்திருப்பதால் வீட்டுக்குள் இருப்பவர்கள் கறுப்பு உருவங்களாக மட்டும் தெரிகிறார்கள். முடிவிலும் அதே அமைப்பு, வேறொரு வீட்டில். முதல் வீடு எரிந்து, அதில் இருந்தவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். கடத்தப்பட்ட சகோதரனின் மகளைப் பல வருடத் தேடலுக்குப் பின் ஈத்தன் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்குகிறான். ஒவ்வொருவராகக் கேமராவைக் கடந்து உள்ளே போகிறார்கள். அவன் ஒதுங்கி வழிவிடுகிறான். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்தபடி ஒரு கணம் நிற்கிறான், திரும்பி நடக்கிறான், கதவு மூடிக்கொள்கிறது. அந்த முழங்கைப் பிடி, பழைய வெஸ்டர்ன் நடிகர் ஹாரி கேரியின் பழக்கம். அவருடைய மனைவி ஆலிவ் கேரி அதே வீட்டுப் பெண்ணாக நடித்திருக்க, அவருக்கு முன் வெய்ன் செய்த மரியாதை அது.

ஷாட் அழகாக இருப்பதால் மட்டும் பேசப்படுவதில்லை. ஈத்தன் அந்தப் பெண்ணைத் தேடியது மீட்பதற்காக அல்ல. அவளைக் கடத்திய கொமான்சி பழங்குடியினரோடு வாழ்ந்துவிட்டவளைக் கொல்வதற்காகத்தான் தேடினான். கடைசி நிமிடத்தில் மனம் மாறுகிறது. ஆனால் அத்தனை வருடம் சுமந்த இனவெறுப்போடு அவன் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. யாரும் அவனைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இந்தக் கதவு பரிதாபத்தையும் தீர்ப்பையும் ஒரே நேரத்தில் சொல்கிறது. படத்தின் நடுவிலும் குகை வாயிலுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் ஷாட்கள் வருகின்றன. அவற்றைக் கவனித்திருந்தால் கடைசிக் கதவு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

5. வைட் ஷாட் வச்சா தனிமை வந்துடுமா?

வராது. வைட் ஷாட் அளவைக் காட்டும்: இடம் பெரிது, ஆள் சிறிது. மலையேறி நிற்கும் வெற்றிவீரனையும் அதே ஷாட்டில் காட்டலாம். இன்னொருவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும்போதுதான் தனிமை வருகிறது. 'டாக்ஸி டிரைவர்' (1976) படத்தில் டிராவிஸ் ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் பேசுகிறான், அவள் மறுக்கிறாள். கேமரா அவன் முகத்துக்குப் போகாமல் வலப்பக்கம் நகர்ந்து, கட்டடத்துக்குள் ஆளில்லாத தாழ்வாரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பேச்சு மட்டும் கேட்கிறது. அங்கே இருப்பது ஒரு சாதாரண கட்டடத்தின் குறுகலான வழி.

வைட்தான் வேண்டும் என்றால் கணக்குப் போட்டு வையுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், 16:9 வீடியோ என்றால் 14 மீட்டர் தூரத்தில் பிரேமின் உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். 1.7 மீட்டர் ஆள் அதில் ஏழில் ஒரு பங்கு. திரையரங்குக்கு இன்னும் சிறிதாக்கலாம். கைப்பேசியில் பார்க்கப்போகும் படம் என்றால் இதற்குக் கீழே போனால் ஆளையே தேட வேண்டியிருக்கும். எதிர்வழியும் உண்டு: 200 மி.மீ. லென்ஸோடு 34 மீட்டர் தள்ளி நின்று கூட்டத்துக்குள் ஒருவரை எடுத்தால், முன்னும் பின்னும் இருப்பவர்கள் அவர்மேல் ஒட்டிக்கொண்டதுபோல நெருங்கித் தெரிவார்கள். யாருமே அவரைப் பார்க்கவில்லை என்பது அப்போது உறைக்கும். சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ எடுக்க இதுவே சிறந்தது. கேமரா தள்ளி இருப்பதால் வேடிக்கை பார்க்கிறவர்களும் குறைவு.

6. 'பாரிஸ், டெக்சாஸ்'ல அவன் ஏன் அவ்வளவு நேரம் பேசவே மாட்டேங்கிறான்?

டிராவிஸ் (ஹாரி டீன் ஸ்டான்டன்) நான்கு வருடம் காணாமல் போயிருந்து, பாலைவனத்திலிருந்து சிவப்புத் தொப்பியோடு நடந்து வருகிறான். தம்பி வந்து அழைத்துப் போகிறான். ஏறத்தாழ 25 நிமிடம் அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. இந்த மௌனத்தால், அவனைப் பற்றிய எல்லாவற்றையும் முதலில் தம்பியின் வாயால்தான் கேட்கிறோம். ஒரு மனைவி இருந்தாள், ஒரு மகன் இருக்கிறான், ஏதோ நடந்தது. அவன் தரப்பு வரவே இல்லை. அந்தக் காத்திருப்பின் பலன் கடைசி அரைமணி நேரத்தில் கிடைக்கிறது.

ஹூஸ்டனில் மனைவி ஜேன் (நஸ்தாஸியா கின்ஸ்கி) ஆண்கள் காசு கொடுத்துக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறாள். ஒருவழிக் கண்ணாடியில் வெளிச்சமான பக்கம் இருட்டிலிருந்து தெரியும்; வெளிச்சத்தில் இருப்பவருக்குத் தன் பிம்பம் மட்டுமே தெரியும். டிராவிஸ் நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி தொலைபேசியில் தங்கள் கதையையே யாரோ இருவர் கதைபோலச் சொல்கிறான். பிறகு அவள் அறை விளக்கு அணைகிறது, அவன் தன் முகத்தில் விளக்கைத் திருப்பிக்கொள்கிறான். இப்போது அவள் பார்க்கிறாள். விளக்கு மாறினால் பார்வை மாறும் என்ற எளிய இயற்பியலை வைத்து ஒளிப்பதிவாளர் ராபி முல்லரும் வெண்டர்ஸும் ஒரு திருமண வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள். தாயையும் மகனையும் சேர்த்து வைத்துவிட்டு அவன் காரில் போய்விடுகிறான். 4ஆம் பதிலில் சொன்ன கதவுக்கு இங்கே கண்ணாடி.

7. பேசாத பாத்திரம் எழுதினா போரடிக்குமே? எவ்வளவு நேரம் தாங்கும்?

கைகளுக்கு வேலை இருந்தால் பத்து நிமிடம் தாங்கும். வெறுமனே ஜன்னலைப் பார்த்தால் இருபது நொடிகூடத் தாங்காது. மெல்வில்லின் 'லெ சாமுராய்' (1967) தொடங்கிச் சுமார் பத்து நிமிடத்துக்கு வசனம் இல்லை. அலென் டெலோன் கட்டிலில் படுத்திருக்கிறார், எழுந்து தொப்பியின் விளிம்பைச் சரிசெய்கிறார், தெருவில் நிற்கும் காரில் ஏறுகிறார், ஒரு பெரிய வளையத்தில் கோத்த சாவிகளைப் பக்கத்து இருக்கையில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். எந்தச் சாவி பொருந்தும், அதற்குள் யாராவது வந்துவிடுவார்களா என்பதிலேயே நாம் மாட்டிக்கொள்கிறோம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வழி: பல படிகள் உள்ள ஒரு வேலையைப் பாத்திரத்துக்குக் கொடுங்கள், அது முடியுமா முடியாதா என்பது தெரியாமல் இருக்கட்டும். அறுந்த செருப்பைத் தைப்பது, ஈர விறகில் அடுப்பு மூட்டுவது, பூட்டிய கழிவறைக்குச் சாவி கேட்டுப் போவது. நடிகர் அந்த வேலையை உண்மையிலேயே செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாவனை கையில் உடனே தெரிந்துவிடும்.

8. பின்னணி இசை வேணுமா, வேண்டாமா?

இரண்டும் முடியும், எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தில் ரை கூடரின் ஸ்லைடு கிட்டார், பேசாத டிராவிஸுக்குக் குரல் கொடுக்கிறது. 'வேகபாண்ட்' படத்தில் நடக்கும் ஷாட்களோடு மட்டும் தந்தி வாத்திய இசை சேர்ந்து வரும். லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) தொடக்கத்தில் இசையே கிடையாது: காற்றாலையின் கிறீச்சிடல், தொப்பியில் சொட்டும் நீர், ஒரு ஈ.

குறும்படங்களில் அதிகம் கெடுவது இசையால் அல்ல, வெற்று ஒலித்தடத்தால். வசனம் இல்லை என்பதற்காக ஒலியே பதிவு செய்யாமல் வந்துவிடுகிறார்கள். முழு நிசப்தம் வைத்தால் பார்ப்பவர் ஸ்பீக்கரைத்தான் சரிபார்ப்பார். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அமைதியாக நிற்கச் சொல்லி அந்த இடத்தின் ஒலியை 60 நொடி பதிவு செய்யுங்கள். காலடிச் சத்தத்தைத் தனியே, அதே செருப்போடு, அதே தரையில் எடுங்கள். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி, பாத்திரம் கழுவும் ஓசை, யாரோ பிள்ளையைக் கூப்பிடும் குரல் ஆகியவை எந்த சோக வயலினையும்விட வேலை செய்யும். கேமரா தூரத்தில் இருக்க, காலடியும் மூச்சும் மட்டும் பக்கத்தில் கேட்டால் நாம் அவரோடு நடக்கிறோம். ஒலியும் தூரத்திலேயே இருந்தால் நாம் யாரோ வழிப்போக்கர்.

9. நடக்கிற ஷாட் எடுத்தா சும்மா ஒருத்தர் நடக்கிற மாதிரியே இருக்கு. என்ன பண்றது?

'வேகபாண்ட்' படத்தில் ஒரு டஜன் அளவுக்குப் பக்கவாட்டு நகர்வு ஷாட்கள் உள்ளன. எல்லாமே வலமிருந்து இடமாகப் போகின்றன. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது எதிர்த்திசை. கேமரா நாயகி மோனாவுக்காகக் காத்திருப்பதில்லை. அவள் வருவதற்கு முன்பே நகரத் தொடங்கும், அவளைப் பிடிக்கும், சில சமயம் முந்திப் போய் ஓர் உழவுக் கருவியிலோ சுவரிலோ நின்றுவிடும். அடுத்த நகர்வு ஷாட், பல காட்சிகள் தள்ளி, அதைப் போன்ற இன்னொரு பொருளிலிருந்து கிளம்பும். உலகம் அவள் இல்லாமலும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் சொல்லும் முறை இது. நமக்குத் தெரிந்து, நடையை இவ்வளவு கூர்மையாக யோசித்த படம் வேறில்லை.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை. முதலில் பை. காலிப் பையைச் சுமப்பவரின் தோள் பொய் சொல்லும். 8 முதல் 10 கிலோ வரை உண்மையாகவே நிரப்புங்கள். நடிகரைப் பிரேமுக்குப் பத்து மீட்டர் முன்னாலிருந்தே நடக்கவிடுங்கள். 'ஆக்‌ஷன்' கேட்டவுடன் எடுக்கும் முதல் நாலைந்து அடிகள் யாருக்குமே இயல்பாக வராது. அவர் போன பிறகும் மூன்று நான்கு நொடி கேமராவை ஓடவிடுங்கள்.

டாலி (கேமராவை வைத்துத் தள்ளும் வண்டி) தண்டவாளம் இல்லாதவர்கள் காரைப் பயன்படுத்தலாம். மனிதர் நடக்கும் வேகம் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர். முதல் கியரில் கார் பெரும்பாலும் அதைவிட வேகமாகப் போகும். சமதரையில் எஞ்சினை அணைத்துவிட்டு இருவர் பின்னாலிருந்து தள்ளுவது நல்லது, சத்தமும் வராது. சாவியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் மிகக் கனமாகிவிடும் என்பதால் சரிவில் இதைச் செய்யவே கூடாது. டயரில் காற்றை 32லிருந்து 24 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் அதிர்வு குறையும். முடிந்ததும் மறக்காமல் நிரப்பிவிடுங்கள்.

10. 'வேகபாண்ட்'ல அந்தப் பொண்ணு ஏன் இப்படி ஆனா? படம் காரணமே சொல்லலையே?

சொல்லக் கூடாது என்பதுதான் படத்தின் தீர்மானம். முதல் காட்சியிலேயே மோனா (சான்ட்ரின் பொன்னேர்) குளிரில் விறைத்து ஒரு பள்ளத்தில் கிடக்கிறாள். அவளைச் சந்தித்தவர்கள் ஒவ்வொருவராக அவளைப் பற்றிப் பேசுகிறார்கள்; பேசப் பேச அவர்களைப் பற்றித்தான் நமக்குத் தெரிகிறது. தத்துவம் படித்துவிட்டு ஆடு வளர்க்கும் ஒருவர் அவளுக்குத் தங்க இடமும் கொஞ்சம் நிலமும் தருகிறார். அவள் வேலை செய்யாமல் படுத்திருப்பதைக் கண்டு எரிச்சலடைகிறார். சுதந்திரம் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருக்கிறது, அவளுக்கு அது இல்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் துனிசியத் தொழிலாளி அவளை அன்பாகத் தங்கவைக்கிறார். உடன் தங்கியிருக்கும் ஆண்கள் திரும்பி வந்து ஒத்துக்கொள்ளாததால் அனுப்ப வேண்டியதாகிறது. பின்னர் அவர் கேமரா முன் எதுவும் பேசுவதில்லை. அவள் விட்டுப்போன துணியை முகர்கிறார், அவ்வளவுதான்.

சிறுவயதுக் கொடுமை, காதல் தோல்வி என்று ஒரு காரணம் வைத்திருந்தால் பார்ப்பவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வார்தா அந்த நிம்மதியைத் தரவில்லை. இந்தப் படத்துக்கு 1985ல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது.

11. பொம்பளை அலைஞ்சா மட்டும் கதை ஏன் வேற மாதிரி போகுது?

ஈத்தனும் ஷேனும் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண் அலையும் படங்களில் முதல் கேள்வியே அதுதான். பார்பரா லோடன் எழுதி, இயக்கி, நடித்த 'வாண்டா' (1970) படத்தில் அவள் தங்கும் இடம் எப்போதும் ஏதோ ஓர் ஆணைப் பொறுத்தது. 'வெண்டி அண்ட் லூசி' படத்தில் வெண்டி கையிருப்பை நோட்டில் எழுதிக் கழித்துக்கொண்டே வருகிறாள். கார் பழுதாகிறது, நாய்க்கு உணவு திருடி மாட்டிக்கொள்கிறாள், அபராதம் கட்டுகிறாள், நாய் காணாமல் போகிறது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் செலவிலிருந்து வருகிறது. சாலை அவளுக்கு விடுதலையாக இல்லை. அலாஸ்காவில் வேலை கிடைக்கலாம் என்ற கணக்கு மட்டுமே.

க்ளோயி ஷாவின் 'நோமட்லேண்ட்' (2020) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஃபெர்னுக்கு (பிரான்சிஸ் மெக்டோர்மண்ட்) வேன் ஒரு தேவையாகத் தொடங்கித் தேர்வாக மாறுகிறது. நண்பர் ஒருவர் தன் மகன் வீட்டில் இடம் தருகிறார். நல்ல கட்டில், நல்ல மனிதர்கள். இரவில் எழுந்துபோய் வேனில் தூங்குகிறாள். 1ஆம் பதிலில் சொன்ன அந்த வீடு இவ்வளவு அன்பாக வேறெந்தப் படத்திலும் நீட்டப்படவில்லை. அதனால்தான் அவள் கிளம்பும் காலை நேரம் கனக்கிறது.

12. இந்த மாதிரி ஆள் சிரிப்புப் படத்துல வருவானா?

தாராளமாக. சாப்ளினைத் தவிர, ஜப்பானில் தோரா-சான் இருக்கிறார். 'ஒதோகோ வா த்சுராய் யோ' வரிசையில் 1969 முதல் 1995 வரை கியோஷி அட்சுமி நடித்து 48 படங்கள் வந்தன. இரண்டைத் தவிர மற்றவற்றை இயக்கியவர் யோஜி யமாடா. தோரா-சான் கோயில் திருவிழாக்களில் கடை பரப்பி விற்பவர். கட்டம் போட்ட கோட்டு, தொப்பி, கழுத்தில் தாயத்து, கையில் ஒரு பழைய பெட்டி. ஒவ்வொரு படத்திலும் டோக்கியோவின் ஷிபமாதாவில் உள்ள சித்தப்பாவின் கொழுக்கட்டைக் கடைக்குத் திரும்பி வருவார். தங்கை சகுரா வரவேற்பாள், சண்டை வரும், ஒரு பெண்மேல் ஆசை வரும், கைகூடாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இங்கே கதவு ஒருபோதும் மூடுவதில்லை. சாப்பாடு இருக்கிறது, மாடியில் அறை இருக்கிறது, எல்லாரும் இருக்கச் சொல்கிறார்கள். அவரால்தான் முடியவில்லை. ஒரு படம் மட்டும் பார்த்தால் நகைச்சுவை. பத்துப் படம் பார்த்தால், இந்த மனிதர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோற்கிறார் என்பது நெஞ்சை அழுத்தத் தொடங்கும். அட்சுமி 1996ல் இறந்தபோது வரிசை நின்றது. அவருடைய பழைய காட்சிகளைச் சேர்த்து 1997லும் 2019லும் மேலும் இரண்டு வந்தன.

13. தனியா இருந்து சந்தோஷமா இருக்கிறவங்க படம் இதுல சேருமா?

பக்கத்து வீட்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) படத்தில் டோக்கியோவின் பொதுக் கழிவறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமா (கோஜி யாகுஷோ) எங்கும் அலைவதில்லை. செடிக்குத் தண்ணீர், கேசட்டில் பாட்டு, மரக்கிளைகளூடே விழும் ஒளியைப் படமெடுப்பது என்று நாட்கள் போகின்றன. நிறைவான வாழ்க்கை என்றே தோன்றும், ஓட்டுநர் வைத்த காரில் அவருடைய சகோதரி வந்து இறங்கும் வரை. அந்தச் சின்னக் காட்சியில், அவர் எதையோ விட்டுவிட்டு வந்தவர் என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதே வழக்கங்கள் வேறு மாதிரித் தெரியும்.

14. நம்ம தமிழ்ப் படங்கள்ல இப்படி யாராவது இருக்காங்களா?

மிஷ்கினின் 'நந்தலாலா' (2010) நேரடி உதாரணம்; தகேஷி கிதானோவின் 'கிகுஜிரோ' (1999) படத்தின் சாயலை ஒட்டி வந்தது. மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) படத்தில் விஜய் சேதுபதி நடித்த ராமையா, பைகளைச் சுமந்தபடி முருகனை நினைத்து நடந்துகொண்டே இருப்பவர். கதையின் மையம் அவரல்ல, இருந்தும் படம் முடிந்து நெடுநேரம் அவர்தான் நினைவில் நிற்கிறார்.

இந்த உருவம் தமிழில் பெரும்பாலும் பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நாயகன் ஊர் ஊராக அலைவது நான்கைந்து நிமிடத் துண்டுக் காட்சிகளாக வந்து போகும். பாட்டு நன்றாக இருந்தால் அந்த வெறுமையை அதுவே நிரப்பிவிடும் என்பதுதான் பிரச்சினை.

15. கேமரா அவன் கண்ணால பார்க்கணுமா, தள்ளி நிக்கணுமா?

பெரும்பாலான நல்ல படங்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கின்றன. இதன் உச்சம் அன்டோனியோனியின் 'தி பாசெஞ்சர்' (1975). இறந்துபோன ஒருவரின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு அலையும் செய்தியாளர் (ஜாக் நிக்கல்சன்) ஒரு விடுதிக் கட்டிலில் படுக்கிறார். கேமரா மெல்ல ஜன்னலை நோக்கி நகர்கிறது, கம்பிகளுக்கு நடுவே வெளியேறுகிறது, புழுதி மைதானத்தைச் சுற்றிவந்து, வெளியிலிருந்து அதே ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறது. ஏறக்குறைய ஏழு நிமிடம், ஒரே ஷாட். அதற்குள் அவர் இறந்துவிட்டார், நாம் பார்க்கவில்லை.

அறைக்குள் கேமரா கூரையில் பொருத்திய தண்டவாளத்தில் தொங்கியது. ஜன்னல் கம்பிகள் கீலில் பொருத்தப்பட்டு, கேமரா நெருங்கி அவை பிரேமை விட்டு விலகியதும் திறந்துகொண்டன. வெளியே ஒரு கிரேன் கேமராவை வாங்கிக்கொண்டது. கைமாறும் அதிர்வைக் குறைக்கச் சுழலும் சமநிலைக் கருவிகள் இருந்தன. இன்று கிம்பலோடு (கேமரா ஆடாமல் தாங்கும் கைக்கருவி) இதை ஒருவரே செய்துவிடலாம். ஆனால் கேமரா ஏன் அவரை விட்டுப் போகிறது என்ற காரணம் கதையில் இல்லையென்றால் அது வித்தை மட்டும்தான்.

16. பத்து நிமிஷக் குறும்படம், ஒரே ஆள். எப்படித் திட்டம் போடணும்?

முதலில் அந்த 'ஒரே ஆள்' என்பதை மாற்றுங்கள். இரண்டாவது ஒருவர் வேண்டும். இரண்டு நிமிடம் வந்தாலும் போதும். தேநீர்க் கடைக்காரர், வாடகைக்கு அறை காட்டுபவர், வழி கேட்கும் சிறுமி. அவர் வந்து போன பிறகு பிரேமில் ஏற்படும் இடைவெளிதான் உங்கள் படம் (5ஆம் பதில்). இடங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு ஷாட் சராசரி 14 நொடி என்று கொண்டால் 40 முதல் 45 ஷாட். இரண்டு நாளில் எடுக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு வசனமில்லாத படத்துக்குப் பொருந்தாது. நான்கு பக்கமே பத்து நிமிடம் ஓடிவிடும். அதனால் படிக்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செயலையும் செய்துபார்த்து நேரம் குறியுங்கள்.

தாடி, சிகரெட், தண்டவாளம் மூன்றையும் தவிருங்கள். முதல் இரண்டும் தேய்ந்துபோனவை. மூன்றாவது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட: 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அனுமதியின்றி ரயில்வே இடத்துக்குள் நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு.

17. கடைசியில அவன் போயே ஆகணுமா? தங்கிட்டா படம் கெட்டுடுமா?

கெடாது, ஆனால் தங்குவதற்கு ஒரு விலை தெரிய வேண்டும். 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் சாப்ளின் முதல் முறையாக ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் நடந்து போகிறார். அந்த நாடோடியின் கடைசித் தோற்றமும் அதுவே. துணை கிடைத்ததும் பாத்திரம் முடிந்துவிட்டது. 'வாண்டா' மூன்றாவது வழியைக் காட்டுகிறது: அவள் போகவும் இல்லை, தங்கவும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே படம் உறைந்து நிற்கிறது.

எந்த முடிவானாலும் அவன் போவதை அவனே உரையாற்றி விளக்க வைக்காதீர்கள். 'நான் போக வேண்டியவன்' என்று ஒரு வசனம் வந்தால், அதுவரை சேர்த்ததெல்லாம் அந்த வரிக்குள் சுருங்கிவிடும்.

18. நிஜமா வீடில்லாம சுத்துறவங்களை வச்சே எடுக்கலாமா? 'நோமட்லேண்ட்'ல அப்படித்தானே?

'நோமட்லேண்ட்' படத்தில் வேன்களில் வாழும் பலர் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டு, தங்கள் கதையில் எதைச் சொல்வது என்று தெரிந்தே கேமரா முன் வந்தவர்கள். தெருவில் தூங்குகிறவரைத் தூரத்திலிருந்து லாங் லென்ஸில் எடுத்துத் தன் நாயகனின் தனிமைக்கு அலங்காரமாக வைப்பது முற்றிலும் வேறு. அதைச் செய்யக் கூடாது.

நடிக்க வைப்பதென்றால், எடுப்பதற்கு முன்பே என்ன காட்சி, யார் பார்ப்பார்கள், இணையத்தில் வருமா என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவராகவோ யாரிடமிருந்தாவது தப்பி வந்தவராகவோ இருக்கலாம். முகம் வெளியானால் ஆபத்து. மற்ற நடிகர்களுக்கு என்ன கூலியோ அதே கூலியை அன்றே கையில் கொடுங்கள். குடித்திருக்கும்போதோ உடல்நிலை சரியில்லாதபோதோ வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. மறுநாள் போய் மீண்டும் கேளுங்கள். எடிட் முடிந்ததும் அவர் வரும் பகுதியை ஒரு கைப்பேசியிலாவது காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதி இல்லாமலும் படம் நிற்கும்படி முன்கூட்டியே நான்கைந்து மாற்று ஷாட்கள் எடுத்து வைத்திருப்பது நல்லது.